எந்த கான்ஃபரன்ஸ் முந்துகிறது? கல்லூரி ஃபுட்பாலின் சேர்க்கைத் தரவரிசையை எப்படிப் படிப்பது

2023 டிசம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் சேரப் பள்ளி மாணவர்கள் பலர் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது டெக்சாஸ், பிக் 12 கான்ஃபரன்ஸின் சாம்பியன். (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் மோதிப் பட்டத்துக்கு ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு.) அந்த மாதத் தொடக்கத்தில்தான் இறுதிப் போட்டியில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 49-21 என்று வென்றிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று அதே டெக்சாஸ், எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸுக்கு மாறியது. அந்த மாணவர்களில் ஒருவர்கூட டெக்சாஸ் சட்டையில் பிக் 12 ஆட்டம் ஒன்றில் களமிறங்கவில்லை. அப்படியானால் அவர்களை எந்த கான்ஃபரன்ஸின் கணக்கில் எழுதுவது?

கான்ஃபரன்ஸுகளின் சேர்க்கையை ஒப்பிடும் பட்டியல் ஒவ்வொரு ஆண்டும் வெளியாகிறது. "எஸ்.இ.சி. மறுபடியும் முதலிடம்" என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடும். அந்த வரி பெரும்பாலான ஆண்டுகளில் உண்மைதான். ஆனால் எந்தக் கணக்கில் முதலிடம், எவ்வளவு இடைவெளியில் முதலிடம், அந்த இடைவெளி களத்தில் எதை மாற்றுகிறது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது நம் ஊர்க் கால்பந்து அல்ல; தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி அளவில் மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் புது வீரர்களை 'டிராஃப்ட்' முறையில் வரிசையாகப் பிரித்துக்கொள்வார்கள். கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. கல்லூரியில் அப்படி எதுவும் கிடையாது. 17 வயது மாணவனின் வீட்டுக்கே கோச் போய், அம்மா அப்பாவிடம் பேசி, சம்மதம் வாங்க வேண்டும். யாரிடம் பணமும் பெயரும் இருக்கிறதோ அவர்களே ஆண்டுதோறும் நல்ல வீரர்களை அள்ளுவார்கள். ஓர் ஆண்டில் ஓர் அணி இப்படிச் சேர்க்கும் மாணவர் கூட்டத்துக்கு 'ரெக்ரூட்டிங் கிளாஸ்' என்று பெயர். முன்பெல்லாம் பிப்ரவரியின் முதல் புதன்கிழமைதான் கையெழுத்து நாள். 2017 முதல் டிசம்பரிலும் வாய்ப்புத் தந்தார்கள். இப்போது பெரும்பாலானோர் டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இன்றைக்குப் பெரிய கான்ஃபரன்ஸ்கள் நான்கு. தென்மாநிலங்களை மையமாகக் கொண்ட எஸ்.இ.சி.யில் 16 அணிகள். பிக் டென்னில், பெயர் எப்படி இருந்தாலும், 18 அணிகள். ஏ.சி.சி.யில் ஃபுட்பாலுக்கு 17. பிக் 12-இல் 16. ஐந்தாவதாக இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸ் 2024-இல் இரண்டே அணிகளோடு நின்றது. யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்குப் போயின. மற்றவை வேறு வேறு இடங்களில் ஒட்டிக்கொண்டன.

இனி நட்சத்திரங்கள். 247ஸ்போர்ட்ஸ், இ.எஸ்.பி.என்., ஆன்3, ரைவல்ஸ் என்று சில நிறுவனங்கள் மாணவர்களின் ஆட்டக் காணொளிகளைப் பார்த்தும், பயிற்சி முகாம்களில் நேரில் கவனித்தும் மதிப்பெண் போடுகின்றன. ரைவல்ஸை 2025-இல் ஆன்3 வாங்கிவிட்டது. பல நிறுவனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்து 247ஸ்போர்ட்ஸ் தரும் 'காம்போசிட்' எண்தான் எல்லோரும் எடுத்தாளும் அளவுகோல். அதில் உச்சம் 1.0000. ஏறக்குறைய 0.89-ஐத் தாண்டினால் நான்கு நட்சத்திரம். அதற்குக் கீழே மூன்று. நான்கும் ஐந்தும் பெற்றவர்களை 'ப்ளூ சிப்' வீரர்கள் என்பார்கள்.

இந்த நட்சத்திரம் உண்மையில் எதை அளக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 247ஸ்போர்ட்ஸ் தன் சொந்தப் பட்டியலில் ஏறத்தாழ 32 பேருக்குத்தான் ஐந்து நட்சத்திரம் தருகிறது. என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதுதான் காரணம். அதாவது இந்தப் பையன் நான்கைந்து வருடம் கழித்துத் தொழில்முறை வீரனாக எவ்வளவு உயர்வான் என்பதே கணிப்பு. அவன் சேரும் கல்லூரி எத்தனை ஆட்டம் வெல்லும் என்பதை அந்தக் கணிப்பு நேரடியாகச் சொல்வதில்லை. உயரம், எடை, வேகம், கை நீளம் என்று உடம்பு சார்ந்தவற்றுக்கு அதில் நிறைய இடம் உண்டு. 17 வயதில் ஒல்லியாக இருக்கும் ஒருவன் 21 வயதில் 140 கிலோ எடையுள்ள தடுப்பு வீரனாக வளர்வானா என்று சொல்வது எவருக்குமே கடினம்.

இந்த மதிப்பீட்டில் ஒரு சுழற்சி இருக்கிறது என்ற புகார் பழையது. அலபாமாவோ ஜார்ஜியாவோ ஒரு மூன்று நட்சத்திர மாணவனுக்கு ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொன்னால், மதிப்பீட்டாளர்கள் அவனுடைய காணொளியைத் திரும்பப் பார்க்கிறார்கள். பல நேரம் மதிப்பெண் ஏறுகிறது. பெரிய அணி தேடியதால் அவன் உயர்ந்தானா, உயர்ந்தவன் என்பதால் பெரிய அணி தேடியதா? எஸ்.இ.சி.யின் எண்கள் இதனால் கொஞ்சம் வீங்கியிருக்கலாம். ஆனால் வீக்கம் பெரியது என்று நான் நினைக்கவில்லை. ஜார்ஜியாவின் கோச் ஒருவனை நேரில் பார்த்து, தன் வேலையைப் பணயம் வைத்து அவனைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அதுவே ஒரு தகவல். மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுப்பதில் தப்பில்லை. தவிர, பின்னால் நடக்கும் டிராஃப்ட் எந்த நட்சத்திரத்தையும் பார்ப்பதில்லை, அங்கும் எஸ்.இ.சி.தான் முன்னே நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாணவர்களின் மதிப்பெண்ணை அணியின் மதிப்பெண்ணாக மாற்றும் இடத்தில் முதல் சிக்கல் வருகிறது. எல்லோரையும் வெறுமனே கூட்டினால் அதிகம் பேரைச் சேர்த்த அணி ஜெயிக்கும். சராசரி எடுத்தால் பத்துப் பேரை மட்டும் சேர்த்த அணி ஜெயிக்கும். இரண்டும் நியாயமில்லை. அதனால் 247ஸ்போர்ட்ஸ் நடுவழி ஒன்றைப் பிடிக்கிறது: அணியின் மிகச் சிறந்த வீரருக்கு முழு எடை, அடுத்தடுத்து வருபவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும் எடை. ரைவல்ஸ் நெடுங்காலம் முதல் 20 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் எண்ணிக்கை முழுதாக மறைந்துவிடுவதில்லை. 2018-இல் கிளெம்சன் வெறும் 17 பேரைச் சேர்த்தது. தேசியத் தரவரிசையில் ஏழாவது இடம்தான் கிடைத்தது. ஆனால் தலைக்குச் சராசரி பார்த்தால் அது நாட்டின் உச்சத்தை ஒட்டியிருந்தது. அந்த 17 பேரில் ஒருவர் ட்ரெவர் லாரன்ஸ். முதல் ஆண்டிலேயே குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) ஆடி, அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் அலபாமாவை 44-16 என்று தோற்கடித்தார். மறுபக்கம், 2026-க்கான பட்டியலில் முதலிடம் பிடித்த யு.எஸ்.சி. 30 பேருக்கு மேல் சேர்த்திருந்தது. முன்பு ஓர் அணி ஓர் ஆண்டில் 25 பேரைத்தான் சேர்க்கலாம் என்று வரம்பு இருந்தது. அது நீங்கிய பிறகு, எண்ணிக்கையால் இடம் ஏறுவது முன்பைவிட எளிதாகிவிட்டது.

இப்போது அணியிலிருந்து கான்ஃபரன்ஸுக்குப் போகலாம். அங்கே சிக்கல் பல மடங்காகிறது, ஏனென்றால் 16 அணிகளையும் 18 அணிகளையும் பக்கத்தில் வைக்கிறோம். "முதல் 25 இடங்களில் எத்தனை அணிகள்?" என்று எண்ணுவதுதான் வழக்கமான ஒப்பீடு. 25-ஆம் இடத்துக்கும் 27-ஆம் இடத்துக்கும் இடையே தூசியளவு வித்தியாசம்தான் இருக்கும். ஆனால் ஒன்று கணக்கில் ஏறும், மற்றொன்று ஏறாது. நோட்ர டேம் இன்னொரு தலைவலி. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் அது ஏ.சி.சி. உறுப்பினர், ஃபுட்பாலில் தனி. ஆண்டுதோறும் முதல் பத்துப் பன்னிரண்டுக்குள் வரும் அந்த அணியை ஏ.சி.சி. கணக்கில் சேர்த்துக்கொண்டால் அந்த கான்ஃபரன்ஸின் தோற்றமே மாறிவிடும். சேர்க்கக் கூடாது என்பதே என் கட்சி. கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கு ஆடாத அணியை அந்த கான்ஃபரன்ஸின் பலமாகக் காட்டுவது சரியல்ல.

வகுத்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 என்.எஃப்.எல். டிராஃப்டையே எடுத்துக்கொள்ளலாம். சேர்க்கையின் விளைச்சல் அங்கேதான் தெரியும். அந்த ஆண்டு எஸ்.இ.சி.யிலிருந்து 79 பேர் தேர்வானார்கள். பிக் டென்னிலிருந்து 71, ஏ.சி.சி.யிலிருந்து 42, பிக் 12-இலிருந்து 31. 79-க்கும் 71-க்கும் நெருக்கம்தானே என்று தோன்றும். அணிக்கு எத்தனை என்று வகுத்தால் எஸ்.இ.சி.க்கு 4.9, பிக் டென்னுக்கு 3.9, ஏ.சி.சி.க்கு 2.5, பிக் 12-க்கு 1.9. இன்னும் ஒரு படி போவோம். பிக் டென்னின் 71-இல் 14 பேர் ஒரே அணி, ஓஹாயோ ஸ்டேட். எஸ்.இ.சி.யில் அதிகம் கொடுத்த ஜார்ஜியாவின் பங்கு 13. முதலிடத்தில் நிற்கும் இந்த இரண்டு அணிகளையும் ஒதுக்கிவிட்டு மீதியை வகுத்தால் எஸ்.இ.சி.க்கு 4.4, பிக் டென்னுக்கு 3.4-க்குச் சற்றுக் கீழே. உச்சியைக் கழற்றினாலும் எஸ்.இ.சி. சாயவில்லை.

அதனால்தான் கான்ஃபரன்ஸ் ஒப்பீட்டில் எனக்கு நம்பிக்கை தரும் எண் நடு அணியின் தரம். அணிகளை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மாணவர்கள் மாநில முதலிடம் வாங்கியதால் ஒரு பள்ளியின் மொத்தத் தரம் தெரிந்துவிடாது. வகுப்பின் நடுவில் இருக்கும் பிள்ளை எவ்வளவு வாங்கினான் என்பதில்தான் அது தெரியும். ஓஹாயோ ஸ்டேட், ஓரிகன், மிஷிகன், யு.எஸ்.சி. ஆகியவை எந்த எஸ்.இ.சி. அணிக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் பிக் டென்னின் ஒன்பதாவது, பத்தாவது அணியைத் தேசியப் பட்டியலில் தேட நிறையக் கீழே இறங்க வேண்டும். எஸ்.இ.சி.யிலோ எட்டாவது, ஒன்பதாவது அணிகூட முதல் 25-க்குள் இருப்பது அண்மை ஆண்டுகளில் சாதாரணம்.

ஏன் இப்படி? பெரும்பங்கு பதில் நிலவரைபடத்தில் இருக்கிறது. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா மூன்றும் கலிஃபோர்னியாவும்தான் நாட்டின் பெரிய வீரர் விளைநிலங்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் லூயிசியானாவும் அலபாமாவும் அதிசயிக்கத்தக்க அளவுக்கு வீரர்களைத் தருகின்றன. இவற்றில் ஐந்து, எஸ்.இ.சி. அணிகளின் சொந்த மாநிலங்கள். பள்ளி ஃபுட்பாலுக்கு ஊரே திரளும் கலாசாரம், வசந்த காலத்திலும் பயிற்சி நடத்த அனுமதி, ஆண்டு முழுக்க வெளியில் ஓட முடிகிற வானிலை ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. ஒஹாயோ, மிஷிகன், பென்சில்வேனியா போன்ற பழைய தொழிற்சாலை மாநிலங்களிலிருந்து மக்கள் பல பத்தாண்டுகளாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அட்லாண்டாவிலும் டாலஸிலும் வளர்ந்து, அங்கேயே பந்து பிடிக்கக் கற்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் கதை வேறு. அங்கே வீரர்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பிடித்துவைக்க ஆளில்லாமல் போனது. 2020-இல் அந்த மாநிலத்தின் மூன்று பெரிய குவார்ட்டர்பேக்குகளில் பிரைஸ் யங் அலபாமாவுக்கும், சி.ஜே. ஸ்ட்ரவுட் ஓஹாயோ ஸ்டேட்டுக்கும், டி.ஜே. உயாங்காலலே கிளெம்சனுக்கும் போனார்கள். ஒரு மாநிலம், ஒரே ஆண்டு, மூன்று வேறு கான்ஃபரன்ஸ்கள், அவற்றில் ஒன்றுகூட உள்ளூர் பேக்-12 இல்லை. யங்கும் ஸ்ட்ரவுட்டும் 2023 டிராஃப்டில் முதல் இரண்டு இடங்களில் போனார்கள். பேக்-12 உடைந்ததற்குத் தொலைக்காட்சிப் பணம்தான் நேரடிக் காரணம். ஆனால் சேர்க்கைப் பட்டியலைக் கவனித்து வந்தவர்களுக்கு அந்தச் சரிவு பல ஆண்டுகளுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

சரி, இந்தத் தரவரிசை வெற்றியைச் சொல்கிறதா? இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தவர் பட் எலியட் என்ற எழுத்தாளர். கடைசி நான்கு ஆண்டுகளில் ஓர் அணி சேர்த்த பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் தேசியப் பட்டம் கிடைக்கும் என்பது அவருடைய 'ப்ளூ சிப் ரேஷியோ'. 2016-இல் வென்ற கிளெம்சன் 52 சதவீதம், 2023-இல் வென்ற மிஷிகன் 54 சதவீதம் என்று எல்லையை ஒட்டித் தப்பின. 2024 வரை மற்ற சாம்பியன்கள் பெரும்பாலும் வெகு மேலே இருந்தன. கான்ஃபரன்ஸ் ஒப்பீட்டுக்கும் இதுவே நல்ல கருவி: எத்தனை அணிகள் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன என்று எண்ணினால் போதும். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் போன பிறகு பிக் 12-இல் அந்தக் கோட்டைத் தாண்டிய அணி 2024-இலும் இல்லை, 2025-இலும் இல்லை.

கோட்டைத் தாண்டாத அணிக்கு என்ன நேரும் என்பதை 2023 ஜனவரியில் பார்த்தோம். பிக் 12-ஐச் சேர்ந்த டி.சி.யு. அரையிறுதியில் மிஷிகனை 51-45 என்று வீழ்த்தி இறுதிக்கு வந்தது. அங்கே ஜார்ஜியா 65-7 என்று நொறுக்கியது. டி.சி.யு.வின் முதல் வரிசை வீரர்கள் திறமைக்காரர்கள்தான். ஜார்ஜியாவிடம் இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் அதே தரத்தில் இருந்தன. நீண்ட பருவத்தின் கடைசி ஆட்டத்தில், காயங்களும் களைப்பும் சேர்ந்த பிறகு, சேர்க்கையின் ஆழம்தான் பேசுகிறது.

ஆனால் தேசியத் தரவரிசையை வைத்துக் கான்ஃபரன்ஸுக்குள் வெற்றியைக் கணித்தால் ஏமாற்றம் நிச்சயம். ஒரு கான்ஃபரன்ஸில் யாராவது ஜெயித்தால் யாராவது தோற்றே ஆக வேண்டும். நாட்டில் பதினைந்தாவது இடத்துச் சேர்க்கை எஸ்.இ.சி.யில் எட்டாவதாக இருக்கலாம். அதே சேர்க்கை ஏ.சி.சி.யில் மூன்றாவதாக இருக்கும். கிளெம்சன் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை ஏ.சி.சி. பட்டம் வென்றதற்கு கோச் டாபோ ஸ்வின்னியின் திறமையோடு இதுவும் ஒரு காரணம். அங்கே அவருக்கு ஈடாக ஆள் சேர்த்தவர்கள் மிகக் குறைவு. எஸ்.இ.சி.யில் இருக்கும் ஃபுளோரிடாவுக்கோ ஆபர்னுக்கோ அந்த வசதி இல்லை. நல்ல சேர்க்கையோடு வந்தும் வாராவாரம் தங்களைவிட நல்ல சேர்க்கை உள்ள அணியோடு மோதுகிறார்கள்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் 2022 சேர்க்கை காம்போசிட் கணக்கில் அதுவரை இல்லாத உச்ச மதிப்பெண் பெற்றது. அந்தப் பருவத்தில் அணி ஐந்து ஆட்டம் வென்று ஏழில் தோற்றது. 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். அந்தச் சேர்க்கையின் வால்டர் நோலன் ஓல் மிஸ்ஸுக்கும், எவன் ஸ்டூவர்ட் ஓரிகனுக்கும் போய்விட்டார்கள். சேர்த்த அணி ஒன்று, பலன் பெற்ற அணி வேறொன்று.

2018-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. 2021-இல் ஒரு பருவம் வெளியே உட்காராமலே அணி மாற அனுமதி வந்தது. அதே ஆண்டு ஜூலையில், தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவ வீரர் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலை முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அந்த ஆண்டுக்கான உச்சவரம்பு, கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2.05 கோடி டாலர். இத்தனைக்கும் பிறகு பள்ளி மாணவர் சேர்க்கையின் தரவரிசை பாதிப் படத்தைத்தான் காட்டுகிறது.

மீதிப் பாதியை இந்தியானா காட்டியது. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று அது. 2023 இறுதியில் கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். தான் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கு மேற்பட்ட வீரர்களைக் கூட்டிவந்தார். 2025 பருவத்தில் இந்தியானா ஒரு ஆட்டத்திலும் தோற்காமல், இறுதியில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரிகள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத மாணவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆடிவிட்டு இந்தியானா வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் பெற்றார். ப்ளூ சிப் ரேஷியோவின் பாதி எல்லைக்கு அந்த அணி வெகு கீழே இருந்தது. நட்சத்திரங்கள் தோற்றுவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. 22, 23 வயதில் ஏற்கெனவே களத்தில் நிரூபித்தவர்களைத் தேர்ந்தெடுப்பது, 17 வயதுப் பையனைக் கணிப்பதைவிட நம்பகமான வேலை. அதைச் சிக்னெட்டி மற்ற எவரையும்விட நன்றாகச் செய்தார்.

எஸ்.இ.சி.யின் சேர்க்கைப் பட்டியலில் கடைசியில் நின்றே பழகிய வாண்டர்பில்ட்டும் இதே வழியில் எழுந்தது. 2024 அக்டோபரில் அப்போது முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று சாய்த்தபோது குவார்ட்டர்பேக்காக இருந்த டியேகோ பவியா, இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி வழியாக நியூ மெக்சிகோ ஸ்டேட் போய், அங்கிருந்து வந்தவர். பிக் 12-இல் டெக்சாஸ் டெக் எண்ணெய்ப் பணத்தின் பலத்தில் போர்ட்டலில் வீரர்களை வாங்கி 2025-இல் கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றது. பள்ளிச் சேர்க்கையில் பின்தங்கிய கான்ஃபரன்ஸ் எழ இதுதான் இப்போதைக்குக் கதவு. ஆனாலும் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் ஓரிகன் அவர்களை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் 23-0 என்று வென்றது.

எனவே இரண்டு கான்ஃபரன்ஸ்களை ஒப்பிடும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அது பள்ளி மாணவர்களை மட்டும் எண்ணுகிறதா, போர்ட்டலில் வந்தவர்களையும் சேர்த்ததா என்று முதலில் பாருங்கள். போர்ட்டலில் வந்தவர்களையும் சேர்த்த மொத்தத் தரவரிசையும் இப்போது கிடைக்கிறது. அடுத்து, பட்டியல் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பென் ஸ்டேட் உதாரணம். 2025 அக்டோபரில் அந்த அணி கோச் ஜேம்ஸ் ஃபிராங்கிளினை நீக்கியது. அவரை நம்பி வாக்குக் கொடுத்திருந்த மாணவர்கள் கலைந்தார்கள். டிசம்பர் கையெழுத்து நாளில் பென் ஸ்டேட்டில் கையெழுத்திட்ட பள்ளி மாணவர்கள் இரண்டே பேர். நவம்பரில் வர்ஜீனியா டெக் அவரை நியமித்திருந்தது; முன்பு வாக்குக் கொடுத்த மாணவர்களில் பலர் அவர் பின்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பென் ஸ்டேட் இருப்பது பிக் டென்னில், வர்ஜீனியா டெக் இருப்பது ஏ.சி.சி.யில்.